குஞ்சுத் தண்ணி

பூவாணிக்குளத்துக்குப் பறவைகள் வராமல் போன வருஷத்தில், கார்த்திகை மாதம் பதினோராம் தேதி விடிந்ததும், குளத்துத் தண்ணீருக்குள் மட்டும் பறவைகள் வந்து இறங்கின. மேலே வானம் வெறுமையாகக் கிடந்தது. கரையோரத்துக் கருவேல மரங்களில் மருந்துக்குக்கூட ஒரு சிறகு கிடையாது. ஆனால் குனிந்து பார்த்தால், தண்ணீரில் தலைகீழாக நின்ற அதே மரங்களில் மஞ்சமூக்கு நாரைகள் சுள்ளியைக் கவ்விக்கொண்டு கூட்டுக்கு இடம் பார்த்தன, கூழைக்கடாக்கள் தாடைப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன, கரண்டிவாயன்கள் இல்லாத சேற்றை இருக்கிற அலகால் துழாவிக்கொண்டிருந்தன. முதலில் பார்த்தவள் சங்கரவடிவு. அவள் கூச்சல் போடவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. எண்ணத் தொடங்கினாள், ஏனென்றால் அதுதான் அவள் வேலை. எண்ணி முடித்து, மடைக்காரர் வெயிலுமுத்துவிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணாச்சி, பறவ வந்துட்டு."

"எங்கன?"

"தண்ணிக்குள்ள."

வெயிலுமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஐம்பது வருஷமாக மேலே பார்த்தே பழகிய கழுத்து, கீழே பார்க்கச் சொன்னதும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

"மேல வராதாமா?"

"இதுவரைக்கும் இல்ல."

"சரி தாயி, வந்தமட்டும் லாபம்" என்று சொல்லிவிட்டு அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வடிவும் அவள் புருஷன் பால்வண்ணமும் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கரையில் வெளியூர்க்காரர்களை அழைத்துப் போய்ப் பறவை காட்டியவர்கள். பிள்ளைகள் இல்லை. காலை ஆறு மணிக்கு வனத்துறை கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பால்வண்ணம் முன்னால் நடப்பான். நாலடி தள்ளி வடிவு நடப்பாள். கண் அவளுடையது, வாய் அவனுடையது. இலைக்குள் இலையாக இருக்கிற குருகை அவள் பார்த்துச் சொன்னால், அந்தக் குருகு எங்கே பிறந்தது, எங்கே சம்பந்தம் செய்தது என்று அவன் கால் மணி நேரம் அளப்பான். கூட்டின் பக்கத்தில் பேசக் கூடாது என்பது குளத்துச் சட்டம் என்பதால், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை பாஷை இருந்தது. மூக்கைப் பிடித்தால் கரண்டிவாயன், தாடையைத் தடவினால் கூழைக்கடா, கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் காப்பி குடித்துவிட்டு வருகிறேன், உள்ளங்கையை மேல்பார்க்க வைத்து இரண்டு தரம் தூக்கினால், விழுந்த குஞ்சைக் கூட்டில் ஏற்றிவிடு.

போன வருஷம் மாசி மாதம் ஒரு காலையில், பெரிய கருவேலத்தின் அடியில் விழுந்து கிடந்த நாரைக் குஞ்சை வடிவுதான் பார்த்தாள். பக்கத்தில் காக்கை ஒன்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளங்கையை இரண்டு தரம் தூக்கினாள். விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்துகொண்டிருந்த பால்வண்ணம் கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் இரண்டு தரம் தூக்கினாள். அவன் சிரித்தான், குஞ்சை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான், மரத்தில் ஏறினான், மூன்றாவது கிளை முறிந்தது. கீழே முழங்கால் தண்ணீர்தான். அதில் விழுந்து கழுத்து ஒடிந்து செத்துப்போனான். தொப்பி மிதந்து கரைக்கு வந்தது. குஞ்சை யாரும் தேடவில்லை.

அதற்குப் பிறகு வடிவு அந்தக் கையை அப்படித் தூக்கியதே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களை எழுந்திருக்கச் சொல்லக்கூட வாயால்தான் சொல்வாள். பறவைகள் அந்த வருஷத்துக் குஞ்சுகளை வளர்த்துக் கூட்டிக்கொண்டு போனவை, இந்த வருஷம் குளம் நிரம்பியும் திரும்பி வரவில்லை. துக்கம் காக்கிறது என்றார்கள் ஊரில். மழை பருவம் தப்பிப் பெய்ததுதான் காரணம் என்றார் வனத்துறை ஆபீசர். அவரவர் படிப்புக்குத் தகுந்த மாதிரி அவரவர் சொன்னார்கள்.

தண்ணீருக்குள் பறவை வந்த செய்திக்கு ஊர் இரண்டு நாளில் பழகிக்கொண்டது. மூன்றாம் நாள் அவர்களுக்கிருந்த கவலையெல்லாம் நடைமுறைக் கவலைகள்தான். பூவாணிக்குளத்தில் பறவை கூடு கட்டியிருக்கும் காலத்தில் கல்யாணமானாலும் சாவானாலும் வெடி போடுவது கிடையாது; தண்ணீருக்குள் இருக்கிற பறவைக்கு அந்தச் சட்டம் செல்லுமா என்று கோயில் முன்னால் கூடிப் பேசி, முங்கிக் குளிக்கும்போது கரையில் துவைக்கிற சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று ஒருவர் ஞாபகப்படுத்தவும், செல்லும் என்று முடிவானது. பறவை எச்சம் விழுந்த தண்ணீர்தான் வயலுக்கு உரம், இந்தப் பறவையின் எச்சம் எந்தப் பக்கம் விழும் என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. நாற்று கருகருவென்று எழும்பி வந்ததும் அந்தச் சண்டை ஓய்ந்தது. கணக்கெடுக்க வந்த ஆபீசர் படிவத்தில் 'பறந்தவை', 'மரத்தில் இருந்தவை' என்று இரண்டே கட்டம் இருப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்து, கடைசியில் படிவத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்து எழுதிக்கொண்டு போனார். குடிக்கத் தண்ணீர் எடுக்க வந்த பெண்களின் குடத்தில் ஒரு நீர்க்காகமோ நாமக்கோழியோ கூடவே வந்துவிடும். வீட்டில் இறக்கி வைத்தால் குடத்து வாய்க்குள் வட்டமாக நீந்திக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பார்த்து முடித்ததும் சாயங்காலத்துக்குள் அதைக் குளத்தில் கொண்டுபோய் ஊற்றிவிட வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு வழக்கமாகிவிட்டது. குடத்தில் கூழைக்கடா வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் சிரமம். அது கழுத்தை மடக்கவே மாட்டேன் என்றது.

வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். வாய் வேலையும் வடிவு தலையில் விழுந்தது. அண்ணாந்து பார்க்கிற ஜனங்களைக் குனிய வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். சூரியனை முதுகில் வாங்கி நில்லுங்கள், நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கல் எறியாதீர்கள், தும்மல் வந்தால் திரும்பித் தும்முங்கள் என்று சொல்லிச் சொல்லி அழைத்துப் போவாள். காற்றடித்தால் அன்றைக்கு நடை கிடையாது, ஏனென்றால் அலை வந்தால் எல்லாப் பறவையும் நெளிந்து கலைந்துவிடும். சென்னையிலிருந்து முழங்கை நீளக் கேமராவோடு வந்த ஒரு அம்மாள் கரையில் குப்புறப் படுத்து நூறு படம் எடுத்துவிட்டு, எடுத்ததைப் பார்த்தால் எல்லாவற்றிலும் வெறும் தண்ணீர்.

"போட்டோல ஒண்ணுமே வரலையேங்க."

"கண்ணுல வருதுல்லா? அதக் கொண்டு போங்கம்மா" என்றாள் வடிவு. பால்வண்ணம் இருந்தால் இதையே எவ்வளவு நீட்டிச் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் நாலாம் தேதி அவனும் வந்தான்.

குஞ்சு பொரிக்கத் தொடங்கிய சமயம். அவள் கரையில் நடந்தாள், தண்ணீருக்குள் தலைகீழாக அவள் பிம்பம் நடந்தது, அதற்கு நாலடி முன்னால், தொப்பி, பைனாகுலர், காலர் கிழிந்த காக்கிச் சட்டை எல்லாவற்றோடும் பால்வண்ணம் நடந்துகொண்டிருந்தான். இடது கையை மட்டும் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான். அவள் நின்றாள், அவனும் நின்றான். தலையை நிமிர்த்திப் பார்த்தால் கரையில் யாரும் இல்லை. மறுபடி குனிந்தாள். அவன் வலது கையால் மூக்கைப் பிடித்துக் காட்டினான். அந்தப் பக்கம் கரண்டிவாயன் கூடு இருந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கண்ணீர் தண்ணீரில் விழுந்துவிடாமல் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. "பால்வண்ணம் வந்திருக்கான் போலுக்கே" என்றார்கள், பம்பாயிலிருந்து லீவில் வந்தவனைச் சொல்வது மாதிரி. கரையோரமாகப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்த்து, என்னடே சொகமா, என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவனுக்குக் காது கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை பாஷை மட்டும்தான் செல்லுபடியானது, அதையும் வடிவு காட்டினால்தான். அவள் ஒவ்வொரு நாளும் கரையில் குனிந்து, "நாந்தான் ஏறச் சொன்னேன், நீங்க காப்பி கேட்டீய, நான் தரல" என்று அவனிடம் வாய்விட்டுச் சொன்னாள். அதற்குக் கை பாஷையில் வார்த்தை இல்லை. அவன் தாடையைத் தடவி ஒரு கூழைக்கடாவைக் காட்டுவான்.

நெஞ்சில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை. விழுந்த வலி இன்னும் போகவில்லை என்று ஊரில் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், நினைத்து நினைத்து ராத்திரி சோறு இறங்காமல் கிடந்தாள்.

ஒரே ஒரு நாள் அவளுக்குப் பேராசை வந்தது. பெரிய கருவேலத்தின் அடியில் குடத்தை மெல்ல அமிழ்த்தி அவனை மொண்டுகொண்டு வீட்டுக்குப் போனாள். அடுக்களையில் இறக்கி வைத்துப் பார்த்தால், குடத்து வாயளவுக்குத் தெரிந்த ஓட்டுக் கூரையின் நடுவில் அவன் முகம் இருந்தது. அவன் இப்படித் திரும்பி அப்படித் திரும்பிப் பறவையைத் தேடிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் அவளோடு சாப்பிட்டுப் படுத்து எழுந்தவன்தான், ஆனால் வழி தவறியவன் மாதிரி முழித்தான். அவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, எடுத்த இடத்திலேயே ஊற்றினாள்.

இனி, பூவாணிக்குளத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். குளத்துக்குள் ஒரு அடையாளக் கல் நிற்கிறது. தண்ணீர் அந்தக் கல்லுக்கு இறங்கும்வரை வயலுக்கு முறைப்படி பாயும். கல்லுக்கு இறங்கிவிட்டால் மடையை அடைத்துவிடுவார்கள். மரத்துக்கு அடியில் தண்ணீர் இல்லாமல் போனால் பூனையும் கீரியும் நடந்தே வந்து கூட்டில் ஏறிவிடும் என்பதால், மிச்சத் தண்ணீர் குஞ்சுகளுக்கு. அதற்குப் பெயரே குஞ்சுத் தண்ணி. கடைசிக் குஞ்சும் பறந்த பிறகுதான் அது வயலுக்கு வரும், மழைக்காலத்தில் நட்ட பிசான நெல்லுக்கு அதுதான் கடைசித் தண்ணீர். குஞ்சு இருக்கிறதா பறந்ததா என்று சொல்ல வேண்டியது கரையில் நடந்து எண்ணுகிறவர்கள் பொறுப்பு. தினமும் காலையில் மடைக்காரர் மடைக் கல்லில் கை வைத்துக்கொண்டு, "மரத்துல யாரும் பாக்கி உண்டுமா?" என்று கேட்பார். எண்ணியவர் சொல்வதுதான் முடிவு. அதற்கு மேல் கலெக்டரே வந்தாலும் அப்பீல் கிடையாது.

மாசிக் கடைசியில் தண்ணீர் கல்லுக்கு இறங்கி மடை அடைபட்டது. பங்குனி மூன்றாம் தேதி, தண்ணீருக்குள் கடைசி நாரைக் குஞ்சு பெற்றோரோடு பறந்து, தண்ணீர் முடிகிற ஓரத்தில் மறைந்தது. வடிவு எல்லா மரத்தையும் மூன்று தரம் எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பெரிய கருவேலத்தின் அடியில் பால்வண்ணம் மட்டும் நெஞ்சில் கை வைத்தபடி நின்று, அவளை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மரத்துல யாரும் பாக்கி உண்டுமா?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

"ஒண்ணு இருக்கு" என்றாள் வடிவு.

"எந்த மரத்துல?"

"பெரிய கருவேலத்துல."

வெயிலுமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். "சரி" என்று மடைக் கல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாளும் ஒன்று இருந்தது. அதற்கு மறுநாளும் ஒன்று இருந்தது. குனியத் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கக்கூடிய தண்ணீர்தான், கண் இருக்கிற எவருக்கும் கூடுகள் காலியாகக் கிடப்பது தெரியும், ஆனால் அவளைப் பொய்க்காரி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எண்ணியவள் சொல்தான் முடிவு என்பது ஒரு காரணம். தண்ணீரோடு சேர்த்து அந்த மனிதனை இரண்டாம் தரம் அனுப்பிவைக்கிற பாவத்துக்கு யார் முதல் ஆளாகப் போவது என்பது இன்னொரு காரணம். ஆகவே ஊர் வயலைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, வடிவு எதிரே வந்தால் தரையைப் பார்த்தது. ஒன்பதாம் நாள் வயலில் வெடிப்பு விழுந்தது. பதினாலாம் நாள் இலை நுனி சுருண்டது. டீக்கடையில் பேச்சுக் குறைந்தது. ஒருவர் கோபத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை வரைக்கும் போய், தண்ணீருக்குள் தன்னைப் பார்த்துப் பழக்கமாகத் தொப்பியைத் தொட்ட பால்வண்ணத்தைக் கண்டு, வந்த வழியே திரும்பினார். அவள் படுகிற பாட்டையும் சொல்ல வேண்டும். வயக்காட்டுப் பக்கம் தலையைத் திருப்பாமல்தான் அவள் தினமும் கரையில் நடந்தாள். திருப்பாமல் இருந்தாலும் காய்ந்த தாள் உரசுகிற சத்தம் காதில் விழுந்தது.

இருபதாம் நாள் சாயங்காலம் தங்கபுஷ்பம் வந்தாள். பால்வண்ணத்தின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். மூன்று பிள்ளைகளையும் கடைமடையில் இரண்டு மரக்கால் விதைப்பாடு வயலையும் வைத்துக்கொண்டு ஒற்றையில் மல்லுக்கட்டுகிறவள். வந்தவள் வடிவின் பக்கத்தில் கரையில் உட்கார்ந்தாள்.

"மைனி, சாப்ட்டீயளா?"

"ம்."

"அண்ணன் எங்க?"

"அந்தா, மரத்தடியில."

புஷ்பம் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லை. பால்வண்ணம் தெளிவாகத் தெரிந்தான்.

"வயலு கருகுது மைனி. பால் புடிக்கிற நேரம். நாளைக்கும் தண்ணி வரலன்னா அம்புட்டும் பதராப் போயிரும்."

"தெரியும்."

"மடையத் தொறங்கன்னு சொல்ல வரல. அவன் எனக்கும் அண்ணந்தான். பிள்ளையளுக்கு என்ன சொல்லன்னு கேக்கத்தான் வந்தேன்."

வடிவு முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். புஷ்பம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபடியே தண்ணீரைக் கூர்ந்து பார்த்தாள்.

"நெஞ்சுல என்னத்துக்குக் கைய வச்சிருக்கான்?"

"விழுந்த வலி."

"வலிக்கா? வலின்னா அமுக்கில்லா புடிப்பாவ மைனி. இவன் அணைச்சுப் புடிச்சிருக்கான். கைப்பிள்ளைய வச்சிருக்க மாதிரி."

வடிவு குனிந்தாள். பன்னிரண்டு வருஷமாக இலைக்குள் இலையையும் சேற்றுக்குள் சேற்றையும் பிரித்துப் பார்த்த கண், இரண்டரை மாதமாக அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டது. இப்போது பார்த்தாள். காக்கிச் சட்டையின் இரண்டாவது பித்தானுக்கும் மூன்றாவது பித்தானுக்கும் நடுவில், மஞ்சள் நிறத்தில், ஒரு அலகு நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஏறச் சொன்ன காரியத்தை அவன் முடிக்காமல் நின்றுகொண்டிருந்தான். அவள் மறுபடி கை காட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தான். அவள் சொன்ன பொய் இருபது நாளும் பொய்யாகவே இல்லை. பறக்காத குஞ்சு ஒன்று பாக்கி இருக்கத்தான் செய்தது.

"ஐயோ" என்றாள் வடிவு. புஷ்பம் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, பிள்ளைகள் தனியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் வடிவு குளித்து, சேலை மாற்றி, கரைக்கு வந்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பெரிய கருவேலத்துக்கு நேரே, கரையின் விளிம்பில் நின்றாள். மரம் தலைகீழாக விழுந்து அதன் உச்சிக் கிளைகள் அவள் பாதம் வரைக்கும் வந்து கிடந்தன. அடிமரத்தின் பக்கம் அவன் நின்றான். குஞ்சை ஏற்றிவிட்டால் அது பறந்துவிடும். குஞ்சு பறந்துவிட்டால் மடையைத் திறந்துவிடுவார்கள். திறந்துவிட்டால் அவனுக்கு நிற்க இடம் இல்லை. அவளுக்கு இது மூன்றும் தெரியும். ஆனால் அவன் ஒரு வருஷமாக வைத்த கையை எடுக்காமல் நிற்கிறான், அதுவும் அவளால்தான் என்பதும் தெரியும்.

ஒரு வருஷமாகத் தூக்காத கையை, உள்ளங்கை மேல்பார்க்க, இரண்டு தரம் தூக்கினாள்.

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, அன்றைக்குச் செய்த மாதிரியே, கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினான்.

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டி ஆட்டி, குடித்துவிட்டே ஏறுங்கள், மெல்லக் குடியுங்கள், குஞ்சு எங்கேயும் போகாது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். அடுப்பைப் பற்றவைத்து, அவனுக்குப் பிடித்த மாதிரி கருப்பட்டியைக் கொஞ்சம் கூடவே போட்டுக் காப்பி வைத்து, இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கரையில் உட்கார்ந்து ஒரு டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள், ஒன்றைக் கையில் எடுத்தாள். தண்ணீருக்குள் இரண்டாவது டம்ளர் அவன் கையில் இருந்தது. வலது கையால் வாங்கி, ஆற்றாமல், எப்போதும்போல் ஊதி ஊதிக் குடித்தான். அவளும் குடித்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை தன் டம்ளரில் கடைசி வாயை மிச்சம் வைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

அவள் கையைத் தூக்கினாள்.

அவன் ஏறினான். தண்ணீருக்குள் மரம் தலைகீழாக இருந்ததால் அவன் ஏற ஏற அவள் பக்கமாக வந்துகொண்டிருந்தான். முதல் கிளை. இரண்டாவது கிளை. மூன்றாவது கிளை மேலே நிஜ மரத்தில் முறிந்த மொட்டையாக நின்றது, தண்ணீருக்குள் அது முழுசாக இருந்தது. அவன் அதில் கால் வைத்தான். அவள் கண்ணை மூடவில்லை. கிளை தாங்கியது. அவன் இன்னும் ஏறி, அவள் பாதத்துக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் இருந்த கூட்டுக்கு வந்து சேர்ந்தான். அவள் கையை நீட்டவில்லை, தொட்டால் கலைந்துவிடும். அவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக் குஞ்சை எடுத்துக் கூட்டில் வைத்தான். ஒரு வருஷம் நெஞ்சுச் சூட்டில் வளர்ந்த குஞ்சு. எழுந்து நின்றது, சிறகை விரித்துப் பார்த்தது, இரண்டு தரம் தடுமாறியது, பிறகு பறந்தது. குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பறந்து, தண்ணீர் முடிகிற இடத்தில் போயே போய்விட்டது.

பால்வண்ணம் இறங்கவில்லை. காலியான கூட்டின் பக்கத்தில், கிளையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து மடைக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். வெயிலுமுத்து மடைக் கல்லில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஊரில் பாதிப் பேர் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"மரத்துல யாரும் பாக்கி உண்டுமா?"

இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத கேள்வி இல்லை அது. இருபது நாள் அதற்குப் பொய் என்று நினைத்து உண்மையைச் சொன்னவளுக்கு, இன்றைக்கு உண்மையைச் சொல்ல வந்து, மரத்தில் அவன் உட்கார்ந்திருக்க, பொய் சொல்ல வேண்டியிருந்தது.

"யாரும் இல்ல" என்றாள்.

வெயிலுமுத்துவுக்கும் அது கேட்டது, ஆனால் உடனே மடைப் பலகையைத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. "நல்லாப் பாத்தியா தாயி?" என்றார்.

"நல்லாப் பாத்துட்டேன் அண்ணாச்சி. தொறங்க."

பலகை ஏறியது. தண்ணீர் இரைச்சலோடு வாய்க்காலில் விழுந்தது, குளம் முழுக்க ஒரு நெளிவு ஓடியது. மண்வெட்டிக்காரர்கள் ஓடினார்கள். வடிவு யாரோடும் பேசாமல் வாய்க்கால் கரையிலேயே, தண்ணீர் போகிற வேகத்துக்கு நடந்தாள். அது நின்றால் நின்றாள், அது திரும்பினால் திரும்பினாள். அப்படியே நடந்து கடைமடை வரைக்கும் வந்துவிட்டாள். புஷ்பம் வயல் வாமடையை வெட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள். தண்ணீர் வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு, நெல் தாளுக்கு நடுவில் சாண் உயரத்துக்கு ஏறி, அடங்கித் தெளிந்தது.

இரண்டு பெண்களும் வரப்பில் குனிந்து நின்றார்கள்.

"மைனி, அண்ணன்" என்றாள் புஷ்பம்.

கதிர்களுக்கு நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக் குடத்துக்குள் முழித்த மாதிரி இப்போது முழிக்கவில்லை. தங்கையின் வயலைச் சுற்றும் முற்றும் ஒரு தரம் பார்த்தான், தலை சாய்ந்த ஒரு கதிரைப் பார்த்தான்.

"கையி ரெண்டும் வெறுங்கையா இருக்கு மைனி."

"ஆமா. குஞ்ச ஏத்திட்டாவ. காப்பி குடிச்சுட்டுத்தான் ஏறுனாவ."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்து வந்தது. புஷ்பம் அவளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி, வெயில் ஏற ஏற, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அவன் முழங்கால் வரைக்கும் மண் தெரிந்தது, பிறகு இடுப்பு வரைக்கும் தெரிந்தது. மதியத்துக்குள் வயல் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்தது.